சன்ஷேடையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளை வானத்திலிருந்து படமெடுத்து வரி போட இருக்கும் உள்ளாட்சி வருவாய்ப் பிரிவு அதிகாரிகளுக்கும், அந்த ட்ரோனை இயக்க வரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் தெற்குவாசல் பக்கம் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறவன். 28 வருடமாக இதே பிழைப்பு. டேப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை வீட்டுக்காரரோ அவர் பையனோ பிடித்துக்கொள்ள, ஆயிரக்கணக்கான சுவர்களை அளந்திருக்கிறேன். வரி நோட்டீஸ் வந்தால் அக்கம்பக்கத்தார் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன பங்குனியில் ஒரு காலை. எதிர்வீட்டு அக்கா மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே தேனீக் கூட்டம் கலைந்தது மாதிரி ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் ட்ரோன். அக்கா முதலில் காக்கா விரட்டும் கம்பை எடுத்து ஓங்கினார். அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, வரி போடுறதுக்குப் படம் எடுக்கிறாங்களாமே, இந்தப் பந்தலுக்கும் சேத்துப் போட்டுருவாங்களா?" பந்தல் என்று அவர் சொன்னது நான்கு கம்பில் கட்டிய பச்சை வலையை.

சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. ஒருவர் மாடியில் போட்டிருந்த தகர ஷீட்டைக் கழற்ற ஆள் தேடினார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குத் தனி வரியாம் என்றார். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அடுத்த தெருவில் ஒரு காதுகுத்து. அதற்கு வந்த வீடியோக்காரப் பையன் பறக்கவிட்டதாம். (கோவில் இருக்கும் ஊரில், விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊரில், அனுமதி வாங்கிப் பறக்கவிட்டானா என்பது வேறு கதை.) ட்ரோன் என்றாலே வரி என்று ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. நீங்கள் இன்னும் வேலையை ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் இப்படி. அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ட்ரோனுக்கு எதிரி இல்லை. டேப் பிடித்தவனுக்குத்தான் டேப்பின் யோக்கியதை தெரியும். தொய்வாகப் பிடித்தால் நீளம் கூடும். பூஜ்யத்தில் வைக்காமல் ஓரடியில் வைத்துவிட்டுக் கழிக்க மறந்தால் ஓரடி கூடும். மறந்தது மாதிரி இருந்தாலும் கூடும். பின்பக்கம் சந்தில் நுழைய முடியவில்லை என்றால் முன்பக்க அளவையே பின்பக்கத்துக்கும் எழுதிவிடுவார்கள். வீட்டுக்காரர் வேண்டப்பட்டவராக இருந்தால் வாசலிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு எழுதிய அளவும் உண்டு. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட இந்த மடல் இல்லை.

எங்கள் அம்மா பிறந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. வெளிச்சுவர் 24 அடிக்கு 60. முற்றம் 10 அடிக்கு 12. வரி போட வந்தவர் வெளியே நின்று நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 1,440 சதுர அடி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மழை நேராக வந்து விழும் 120 சதுர அடிக்கும் சேர்த்துத் தாத்தா காலத்திலிருந்து வரி கட்டினோம். மாமா அதை "வானத்துக்குக் கட்டுற வரி" என்பார். மேலே இருந்து ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் அந்த ஓட்டை பளிச்சென்று தெரிந்திருக்கும். அதனால் ட்ரோன் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு அளவைக்காரர்கள் புதிதும் இல்லை. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், ஏறக்குறைய 180 வருடத்துக்கு முன், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை அகலப்படுத்தினார்கள். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டின் பெயரிலும், பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. நிலத்தை அளந்தவன் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொண்ட ஊர் இது. அளந்து முடித்த கையோடு, உழைத்தவர்களுக்கு மனையும் கிடைத்தது. பெயர் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உயரத்திலிருந்து அளப்பதும் நம் பக்கத்தில் பழைய சமாச்சாரம்தான். 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் தொடங்கிய பெரிய முக்கோண அளவை தெற்கே வந்தபோது, தஞ்சாவூர்ச் சமவெளியில் ஏறி நிற்க மலை இல்லை. கோவில் கோபுரங்கள்தான் கைகொடுத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து கையால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். உங்கள் கருவி சில கிலோதான் இருக்கும், கயிறும் தேவையில்லை. ஆனால் கருவி கொடுக்கும் எண்ணை அவர் சோதித்துப் பார்த்த மாதிரி சோதிப்பீர்களா என்பதுதான் என் கவலை.

இனி வேலைக்கு வருகிறேன். மேலே இருந்து பார்த்தால் தெரிவது கூரை. நீங்கள் வரி போட வேண்டியது சுவருக்குள் இருக்கும் கட்டடத்துக்கு. இரண்டும் ஒன்று என்று ஒரு சாப்ட்வேர் நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பத்திரத்தில் கிழமேல் ஜாதியடி 20, தென்வடல் ஜாதியடி 30 என்று எழுதியிருக்கும் வீடு (ஜாதியடி என்பது பத்திர பாஷையில் அடிதான்). 600 சதுர அடி. ஜன்னலுக்கு மேல் மழைச் சாரலுக்காக 2 அடி சன்ஷேட் சுற்றிலும் இழுத்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் வீட்டின் ஓரம் எது? சன்ஷேடின் ஓரம். அதாவது 24 அடிக்கு 34. பெருக்கினால் 816. உட்கார ஒரு இடம் கூடாமலேயே 216 சதுர அடி கூடிவிட்டது, 36 விழுக்காடு. சரி, நம் ஊரில் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டித்தானே கட்டுகிறார்கள், முன்னும் பின்னும் மட்டும் சன்ஷேட் என்று வைத்துக்கொண்டாலும் 20 அடிக்கு 34, 680 ஆகிறது.

600க்கும் 680க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று ஏற்றினார்கள். ஆக 600 என்பது ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றரை சென்ட் இடத்தில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள். சன்ஷேட் அவர்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். 2023இன் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள்படி வரி வருடாவருடம் குறைந்தது 6 விழுக்காடு ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்குத் தப்பாக ஏறிய 100 ரூபாய் 12 வருடத்தில் 200 ரூபாய்த் தப்பாக வளர்ந்து நிற்கும்.

இதே சன்ஷேட் தப்பை ரிங் ரோட்டோரம் 100 அடிக்கு 200 அடியில் நிற்கும் ஒரு குடோனுக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 சதுர அடி 21,216 ஆகும். 6 விழுக்காடுதான். அதாவது ஒரே தப்பு, சின்ன வீட்டுக்காரன் தலையில் ஆறு மடங்கு பாரமாக விழுகிறது. பெரிய கட்டடத்துக்காரரிடம் ஆடிட்டர் இருப்பார், வக்கீல் இருப்பார். சின்ன வீட்டுக்காரனிடம் நான்தான் இருக்கிறேன்.

அடுத்தது சாய்வு. ட்ரோன் வீட்டுக்கு நேர் மேலே இருக்கும்போது கூரை மட்டும் தெரியும். தள்ளி இருந்து எடுத்தால் ஒரு பக்கச் சுவரும் தெரியும், கூரை வெளிப்புறமாகச் சாயும். 100 மீட்டர் உயரத்தில் பறக்கிறது, கீழே 7 மீட்டர் உயர மாடிவீடு, அது நேர் கீழே இல்லாமல் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், கூரை தன் இடத்தைவிட்டு 2 மீட்டருக்கு மேல் நகர்ந்து தெரியும். சந்தே 4 அடி அகலம் உள்ள இடத்தில் 2 மீட்டர் என்றால் என் கூரை பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. படங்கள் 70, 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுக்க வேண்டும், தரையில் குறி போட்டு அதன் இடத்தைத் துல்லியமாக எடுக்க வேண்டும், உயரக் கணக்கையும் சேர்த்து ஒவ்வொரு கூரையையும் அதன் அஸ்திவாரத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், காசும் பிடிக்கும். டெண்டரில் ஆகக் குறைந்த தொகை கேட்டவர் இந்தக் கடைசி வேலையைச் செய்தாரா என்று சரிபார்க்கத் தெரிந்த ஓர் ஆளாவது உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், மேலே இருந்து தெரியவே தெரியாத விஷயங்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் பாகம் பிரித்துக்கொண்ட வீடுகள் நம் ஊரில் எத்தனை! உள்ளே பொதுச்சுவர், நான்கு அடுப்பு, நான்கு மீட்டர், நான்கு வரிவிதிப்பு எண். மேலே ஒரே மொட்டை மாடி. ட்ரோனுக்கு அது ஒரு வீடு. நான்கு சின்ன வீட்டைச் சேர்த்து ஒரு பெரிய வீடாக்கினால் எந்தப் படிக்கட்டில் ஏறும் என்று மேலே சொன்ன கணக்கே சொல்லும். செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். ஜெய்ஹிந்துபுரம் பக்கம் அப்பளம் போடும் வீடுகள் இருக்கின்றன. குடியிருப்பா தொழிலா என்பது கூரையில் எழுதியிருக்காது. சத்தத்திலும் வாசத்திலும்தான் தெரியும். கட்டடத்தின் வயதும் அப்படித்தான். போன மாசம் வெள்ளை கூல்-ரூஃப் பெயிண்ட் அடித்த 50 வருட வீடு படத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

தகர ஷீட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையில் மாடி வீட்டில் படுத்தவர்களுக்குத் தெரியும், மொட்டை மாடி ராத்திரி 11 மணிக்கும் ஆறாது. அதற்காகத்தான் மாடி முழுக்க ஷீட் போடுகிறார்கள். நான்கு பக்கமும் திறந்து கிடக்கும். துணி காயும், பிள்ளைகள் படிக்கும், தாத்தா படுத்திருப்பார். மேலே இருந்து பார்த்தால், உயரக் கணக்கும் சேர்ந்தால், அது சாட்சாத் இன்னொரு மாடி. சிலர் அதே ஷீட்டுக்குக் கீழே சுவர் வைத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் படியேறிப் பார்த்தே ஆக வேண்டும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது என் தங்கை வீட்டுக் கதை. அவள் மதுரைக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறாள். ஊர் பெயர் வேண்டாம். அங்கே முன்பே ட்ரோன் பறந்துவிட்டது. ஒருநாள் தெருமுனையில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஒரு கூட்டல் குறி போட்டிருந்தார்களாம். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த முனை வீட்டு ஆச்சி அதைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டார். தரையில் போடும் அளவைக் குறி அது என்று நான் சொன்னபோது தங்கை சிரித்தாள். மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் வீடு 26 அடிக்கு 30, 780 சதுர அடி. பிளான் போட்டவனே நான்தான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நோட்டீஸில் 940 என்று இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த 160? ஒரு வரி விளக்கம் இல்லை. பழைய பரப்பு, புதிய பரப்பு, புதிய வரி, கட்ட வேண்டிய தேதி. அவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது, "சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது" என்றார்கள். இரண்டாவது தடவை, "படமெல்லாம் கம்பெனிகிட்ட இருக்கு" என்றார்கள். மூன்றாவது தடவை அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். தங்கை தையல் வேலை செய்கிறவள். ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி போனது. நான்காவது தடவை நானும் கூடப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன், என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினான்.

பார்த்தோம். தங்கை வீட்டு மொட்டை மாடி, சாம்பல் நிறத்தில், துணி காயும் கொடி உட்பட. வீட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. மாடியில் இரண்டு மூலையில் இன்னும் இரண்டு சிவப்புக் கட்டம். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு வெயில் படாமல் இருக்கப் போட்ட ஷீட், 8 அடிக்கு 10. மற்றது அவள் மகனின் புறாக் கூண்டு, அதுவும் 8 அடிக்கு 10, மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஓரத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளி. புறாக்கள். "இது புறாக் கூண்டாண்ணே?" என்று அந்தத் தம்பி கேட்டு, அவனே சிரித்துவிட்டான். மறுநாள் ஓர் ஆள் வந்து படியேறிப் பார்த்தார். அந்த வாரமே 780 ஆகிவிட்டது.

மூன்று தடவை அலைந்து தீராதது, திரையைத் திருப்பிய இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. நான் இந்த மடலில் கேட்பது அடிப்படையில் அந்த ஒன்றைத்தான். நோட்டீஸோடு படத்தையும் கொடுங்கள். அந்த வீட்டின் படம், அதன்மேல் நீங்கள் போட்ட கோடு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை சதுர அடி, எது வீடு, எது ஷீட், எத்தனை மாடி என்று கணக்கெடுத்தீர்கள் என்பது. கறுப்பு வெள்ளையில் அரைப் பக்கம் போதும். இதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை. கோடு போட்டுத்தானே பரப்பைக் கணக்கெடுத்தீர்கள், அதை அச்சடித்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தன் வீட்டு மாடியை அடையாளம் கண்டுகொள்வார். 940 என்ற எண்ணைப் பார்த்து என் தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அய்யோ, என் கொடி."

படம் கொடுத்த பிறகு பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் கொடுங்கள். பதில் சொல்லும் இடம் அலுவலகமாக இருக்க வேண்டாம். வார்டில் ஒரு பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாம் போடுங்கள். தெருத் தெருவாகப் பெரிய தாளில் படத்தை ஒட்டிவையுங்கள். ஜனங்கள் தங்கள் வீட்டை மட்டுமா பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டையும் பார்ப்பார்கள். "இவன் மூணு மாடி கட்டிருக்கான், இங்க ஒண்ணுன்னு போட்ருக்கு" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு அது இலவச களஆய்வு. புகார் கொடுத்தவர் நோட்டீஸில் போட்ட புதிய தொகையைக் கட்டினால்தான் கேட்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய தொகையை வாங்கிக்கொள்ளுங்கள், மீதி முடிவானதும் கட்டட்டும்.

எதை முதலில் அளப்பது என்பதிலும் ஒரு யோசனை. பெரிய கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். கல்யாண மண்டபம், குடோன், ஷோரூம், தனியார் மருத்துவமனை, கல்லூரி. தனித்தனியாக நிற்பவை, சந்து இல்லை, பொதுச்சுவர் இல்லை, அளப்பது சுலபம், தப்பும் குறைவாக விழும், வரும் வரியும் பெரிது. பிரான்சில் வரித்துறை வான்படங்களைக் கணினியிடம் கொடுத்து, கணக்கில் காட்டாத வீட்டு நீச்சல்குளங்களைத் தேடியது. 2022இல் 9 மாவட்டங்களில் 20,000க்கு மேல் பிடித்து, ஏறக்குறைய 1 கோடி யூரோ வசூலித்தார்கள். நீச்சல்குளம் வைத்திருப்பவர் யார் என்பது தெரிந்ததுதானே, அதனால் அங்கே ஜனங்கள் பெரிதாகக் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். அப்படியும் அந்தக் கணினி சில இடங்களில் சூரிய ஒளித் தகட்டைக் குளம் என்று எண்ணிக் குழம்பியதாகப் புகார் வந்தது. நம் ஊர் மாடிகளில் நீலத் தார்ப்பாய் எத்தனை கிடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2025இல் மதுரையில் சொத்துவரிக் குறைப்பு முறைகேடு வெளியே வந்து ஊரே பேசியதே, அதில் டேப்பைத் தப்பாகப் பிடித்தார்கள் என்பது புகார் இல்லை. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, கணினிக்குள்ளேயே கட்டடங்களின் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்பதுதான் புகார். வழக்கு தன் வழியில் போகட்டும். ஆனால் 400 அடி உயரத்திலிருந்து ட்ரோனுக்கு என் தங்கை வீட்டுப் புறாக் கூண்டு தெரியும். உங்கள் மேஜையில் யார் கடவுச்சொல்லை யார் அடிக்கிறார்கள் என்பது தெரியாது. அதனால் பரப்பளவு மாறும் ஒவ்வொரு தடவையும் யார் மாற்றினார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று அழிக்க முடியாத ஒரு பதிவு இருக்க வேண்டும். அதை வார்டுவாரியாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்கள். இதை மட்டும் செய்யாமல் கோடிக்கணக்கில் செலவழித்துப் பறக்கவிட்டீர்கள் என்றால், மேலே படம் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள், கீழே வேறு எண் ஏறிக்கொண்டே இருக்கும்.

ட்ரோன் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி, விமான நிலைய வேலியிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி, அதற்கும் நெருங்கி அவனியாபுரம், வில்லாபுரம் என்று தெற்கே வரவர அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. நான் சொல்ல வந்தது அதற்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி. சாதாரண அளவைக் கேமராவில் 400 அடியிலிருந்து எடுத்தால் படத்தில் ஒரு புள்ளி தரையில் சுமார் 3 சென்டிமீட்டர். 200 அடிக்கு இறங்கினால் அதில் பாதி. முகம் தெரியாது, சரி. ஆனால் பழைய வீடுகளில் கொல்லைப்புறக் குளியலறைக்குக் கூரை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மாடியில் ராத்திரி படுத்துவிட்டு விடிந்தும் எழுந்திருக்காதவர்கள் இருப்பார்கள். காலை 10 மணிக்கு மேல் பறக்கவிடுங்கள். நிழலும் குட்டையாகி உங்கள் படமும் நன்றாக வரும். முதல் நாளே குப்பை வண்டி ஒலிபெருக்கியில் தெரு பெயரோடு நேரத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

எடுத்த படம் யாரிடம் இருக்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். "படமெல்லாம் கம்பெனிகிட்ட இருக்கு" என்ற பதில் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. என் தங்கை வீட்டுக் கொடியில் காயும் துணி வரை தெரியும் படம் ஒரு தனியார் கம்பெனியின் கணினியில் எத்தனை வருடம் இருக்கும், வேலை முடிந்ததும் அழிப்பார்களா, வீடு விற்கும் புரோக்கருக்குப் போகாதா? ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும். எழுதிவிட்டு அதை எங்களுக்கும் காட்டுங்கள்.

கிராமங்களில் ஸ்வாமித்வா என்று 2020இலும், நகரங்களில் நக்ஷா என்று 2025இல் 152 உள்ளாட்சிகளிலும் மத்திய அரசே ட்ரோன் அளவையைத் தொடங்கிவிட்டது. அவை நிலத்துக்கும் உரிமைக்கும், உங்களுடையது வரிக்கு. இரண்டையும் ஜனங்கள் குழப்பிக்கொள்கிறார்கள். வரி ரசீது வந்தால் பட்டா வந்த மாதிரி என்று நினைப்பவரும் உண்டு, ட்ரோன் போட்ட கோட்டைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைச் சண்டைக்குப் போகிறவரும் உண்டு. அந்தக் கோடு வரிக்கு மட்டும்தான், எல்லைக்கல்லுக்கு அதோடு சம்பந்தம் இல்லை என்று நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள். என்னிடம் வரும் பஞ்சாயத்து பாதி குறையும்.

எங்கள் தெருவுக்கு எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வாரம் முன்பு சொன்னால் நல்லது. டேப்போடு வாசலில் நிற்கிறேன்; எந்த வீட்டில் எது பொதுச்சுவர், யார் வீட்டில் சன்ஷேட் எத்தனை அடி என்று கூடவே வந்து காட்டுகிறேன், காசு வேண்டாம். எதிர்வீட்டு அக்காவும் அன்றைக்கு வடகம் போடாமல் பச்சை வலையைக் கழற்றி வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் தை, மாசியில் வந்துவிடுங்கள் என்கிறார். பங்குனிக்கு மேல் அவரால் மாடியைக் காலியாக வைக்க முடியாதாம்.

இப்படிக்கு,
தெற்குவாசல் பக்கம் பிளான் வரையும் ஒருவன்